மெசின் சத்தத்தில் படித்த இங்கிலிஷ்

இங்கிலிஷ் படிக்க எங்கள் ஊரில் முதலில் வேண்டியது மூளை இல்லை, தடித்த தோல். வாசல் படலையடியில் நின்று ஒரு வசனம் சொன்னால் போதும், அடுத்த வீட்டு வளவில் யாராவது அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். முப்பத்தாறு வயதில், அண்ணையின் குடும்பத்தோடு இருந்து அவருடைய வெங்காயத் தறையில் வேலை செய்துகொண்டிருந்த எனக்கு அந்தத் தோல் இருக்கவில்லை.

ஆனால் எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. முருங்கைக்காயும் மாம்பழமும் வெளிநாட்டுக்கு அனுப்பும் யாழ்ப்பாணத்துக் கம்பனி ஒன்று, வாங்குபவர்களோடு போனில் இங்கிலிஷ் கதைக்க ஆள் தேடியது. அண்ணை வீட்டில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது. என் சோற்றை என் சம்பளத்தில் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

ரியூஷனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படிக்க வெட்கம். போனில் ஒரு செயலியை இறக்கினேன். அது ஒரு வசனம் சொல்லும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியென்றால் பச்சை விழும். வீட்டில் வாய் திறக்க முடியாது. அதனால் இறைப்பு நாட்களில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தறைக்குப் போனேன். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அண்ணை மெசினைப் பார்ப்பார். நான் மண்வெட்டியால் வரம்பை வெட்டி, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவேன். ஒரு பாத்தி நிரம்புவதற்குள் ஒரு வசனம். போனுக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்துவேன். கத்தினால்தான் பச்சை விழும். மெல்லச் சொன்னால் அந்தப் பாழாய்ப்போன சாமான் மறுபடி சொல் என்று நிற்கும்.

நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்க இருந்த கம்பனி அம்மா, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மரியாதையாக இங்கிலிஷில் கேட்டார். நான் சொன்னேன். அடுத்த அறையில் இருந்தவர் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் பக்கத்திலைதானே இருக்கிறன்," என்றார் அந்த அம்மா.

குரலைக் குறைத்தேன். அதோடு சொற்களும் போய்விட்டன. சத்தமில்லாத இடத்தில் நான் ஒருநாளும் இங்கிலிஷ் கதைத்ததில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? மெசின் கதையையும் தண்ணீர் மாறும் கதையையும் பழைய சத்தத்திலேயே இங்கிலிஷில் சொல்லி முடித்தேன். பாத்தி என்பதற்கு இங்கிலிஷ் சொல்லைப் போன் எனக்குத் தந்திருக்கவில்லை, கையால் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டார்.

"கதைக்க வருது. ஆனால் இங்கை வேலை முழுக்கப் போனிலை. இப்பிடிக் கத்தினால் அங்காலை இருக்கிறவன் போனை வைச்சிடுவான். நாளைக்குப் போன் எடுக்கிறன், மெல்லமாக் கதைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

அடுத்த நாள் இறைப்பு. பாதித் தறை நனைந்திருந்தபோது போன் வந்தது. மெசினை நிறுத்தச் சொல்லி அண்ணைக்கு இரண்டு கையாலும் காட்டினேன். நிறுத்தினார். பக்கத்துத் தறையில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த அந்தத் தறைக்கார அக்கா நிமிர்ந்து பார்த்தா.

"என்ன, வெள்ளைக்காரிக்குப் போனோ?" என்று தன் கூலியாட்களுக்குக் கேட்கச் சொன்னா.

அந்தப் பக்கம் முதுகைக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு கதைத்திருக்கலாம். ஆனாலும் திரும்பவில்லை. பெட்டிகள் பிந்திப் போனால் வாங்குபவருக்கு என்ன சொல்வீர்கள் என்று அம்மா இங்கிலிஷில் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொன்னேன், எப்போது வரும் என்று சொன்னேன். எல்லாம் மெல்லிய குரலில். நடுவில் ஒரு சொல் பிசகியது, திருத்திச் சொன்னேன். அக்கா அந்தச் சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னா, கூலியாட்கள் சிரித்தார்கள். சிரிப்பு முடியட்டும் என்று நான் காத்திருக்கவில்லை, அடுத்த வசனத்துக்குப் போனேன்.

"சரி, திங்கட்கிழமை வேலைக்கு வாங்கோ," என்றார் அம்மா.

"தாங்க்யூ மேடம்," என்றேன். அதை மட்டும் மெசின் ஓடும்போது கத்துகிற சத்தத்தில் சொன்னேன். மெசின் நின்றுவிட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.