மூட்டை நிறையும் வரை

ஒவ்வொரு ‘பிரிண்ட்’ வரிக்கும் கீழே ‘ஃப்ளஷ்’ என்று இன்னொரு வரி அடிக்கிறாள். அடித்துவிட்டு என்டர் கீயில் ஓங்கி ஒரு குத்து. அந்தக் கீயில் எழுத்து அழிந்து வெகு காலமாகிறது. ஆபீஸில் எல்லோரும் முகத்துக்கு நேரே அவளை ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘மிளகாய் அக்கா’ என்பார்கள்.

சி மொழியில் புரோகிராம் எழுதுவது அவள் பிழைப்பு. ஒரு கம்ப்யூட்டர் சொல்வது இன்னொன்றின் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிரிண்ட் என்று எழுதியதுமே வார்த்தை கிளம்பிவிடும் என்று நம்பும் வெள்ளந்திகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிரே திரை இருந்தால் வரிக்கு வரி வரும். மறுமுனையில் இன்னொரு கம்ப்யூட்டர் என்றால், வார்த்தையெல்லாம் முதலில் ‘பஃபர்’ என்கிற மூட்டையில் சேரும்; அது நிறைகிற வரை அசையாது. ‘இருப்பதை இப்போதே அனுப்பு’ என்று ஃப்ளஷ் சொன்னால்தான் உடனே கிளம்பும். வீட்டிலும் இதே சட்டம்தான். கணவர் எதையாவது மென்று முழுங்கினால், “வாயில வச்சு ஊறப்போடாதீங்க, துப்புங்க!” என்பாள். பாவம், தும்மல் வந்தால்கூட அந்த மனிதர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அவள் வேலை பார்க்கும் இந்தக் குளிர்பதனக் கிடங்கில், குளிரூட்டும் அம்மோனியா விஷவாயு கசிந்தால், மெஷின் ரூம் கம்ப்யூட்டர் வாசல் காவலரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அவள் எழுதிக் கொடுத்ததுதான். வேகம் போதவில்லை என்று புது மேனேஜர் அவளைக் கேட்காமலே ஃப்ளஷ் வரிகளை வழித்தெறிந்தார். தன் மேசையில் ஓட்டிப் பார்த்தார்; திரையில் ஜம்மென்று வந்தது. நேற்றுக் காலை குழாய் கசிந்தது. எச்சரிக்கை மூட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. வழக்கம்போல் விசிலை ஊதிக்கொண்டு சுற்றப் போன காவலர், மெஷின் ரூம் கதவருகே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. குழாயை ஏதோ ஒட்டுப்போட்டு அடைத்திருக்கிறார்கள். இன்று வேறொரு காவலர் டூட்டிக்கு வந்துவிட்டார்.

“என் மெஷின்ல உடனே வந்துச்சே மேடம். நெட்வொர்க்தான் ஸ்லோ,” என்றார் மேனேஜர்.

“அதுக்கு வாய் இல்லைன்னு அது மேல பழியப் போடறீங்களா? அந்த மனுஷன் மூச்சுக்குத் தவிச்சப்ப, ‘ஓடு’ங்கிற வார்த்தை இங்கயே குந்திக்கிட்டு இருந்துச்சு சார்! வெட்கமா இல்ல?” கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். “ஒரே வரி. இப்பவே போடறேன்.”

“டெஸ்ட் பண்ணாம எப்படி? அடுத்த வாரம் பார்க்கலாம்.”

“அதுவரைக்கும்?”

மேனேஜர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார்.

அவள் எப்போது வெடிப்பாள் என்று ஆபீஸே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவளோ மேனேஜரின் எதிரே கிடந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப்போய் மெஷின் ரூம் கதவருகே போட்டாள். நேற்று விழுந்தபடியே தரையில் கிடந்த காவலரின் விசிலை எடுத்துச் சட்டைக் கையில் துடைத்தாள். உட்கார்ந்து, ஒட்டுப்போட்ட குழாயைப் பார்த்தபடியே, விசிலைப் பற்களுக்கு நடுவில் கவ்விக்கொண்டாள்.