எக்ஸ்ரே அறைக் கதவில் இருந்த பலகை

எட்டு வயதில் எனக்கு எழுத்துப் பைத்தியம் பிடித்திருந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்ணில் படுகிற பலகையை எல்லாம் உரக்கப் படிப்பேன். உரக்கடை, பாத்திரக்கடை, 'நோட்டீஸ் ஒட்டாதீர்', எதையும் விடமாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அதில் அப்படியொரு பெருமை.

அந்தத் தை மாதம் திருமானூரில் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரில் தொங்கிக்கொண்டு ஒரு கழியை உருவப் போய், கீழே விழுந்து இடது கையை முறித்துக்கொண்டேன். அம்மாவும் அத்தையும் என்னை அரியலூருக்குக் கொண்டுபோனார்கள். உயிர் போகிற வலி. அப்போதும் வாய் ஓயவில்லை, வழியெல்லாம் அழுதுகொண்டே படித்தேன்.

"பாப்பா கைய ஆட்டாம புடிச்சிக்க ஒருத்தர் வாங்கம்மா" என்று எக்ஸ்ரே எடுப்பவர் கூப்பிட்டார். அம்மா என்னை அணைத்தபடி எழுந்தாள். கதவில் ஒரு பலகை. விடுவேனா? "கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது, கதிர்வீச்சு அபாயம்" என்று தேம்பித் தேம்பிப் படித்தேன்.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, நீங்க போங்க. எனக்குத் தலை சுத்துது."

"பெத்தவ நீ, புள்ளயப் புடிக்க ஒனக்கென்னடி பயம்?" என்று சீறிய அத்தைதான் கடைசியில் கனத்த ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மாவுக்கட்டோடு வீடு திரும்பி, "எங்கம்மாவுக்கு என்னப் புடிக்காது" என்று தெரு முழுக்கச் சொன்னேன். ஒரு வாரம் அவள் கையால் சோறு வாங்கவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தும் என் மனம் இரங்கவில்லை.

ஆவணியில் தம்பி பிறந்தான். எனக்குப் பிறகு இரண்டு முறை உண்டாகி, ஊருக்கெல்லாம் சொன்னபின் கலைந்துபோயிருந்தது. அதனால் இந்தமுறை மூன்று மாதம் முடியும்வரை அப்பாவைத் தவிர யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருந்திருக்கிறாள். அத்தை முன்னால் எப்படிச் சொல்வாள்?

தம்பி இப்போது பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறான். ஈய அங்கி போட்டிருந்தால் அந்தக் கொஞ்சக் கதிரால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று போன பொங்கலுக்கு அம்மாவிடம் சொன்னேன்.

"இப்ப சொல்ற. அன்னிக்கு எனக்கு யாரு சொன்னா? நீ படிச்ச, நான் நின்னுட்டேன்" என்று சிரித்தாள்.

அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு, அவள் ஏன் உள்ளே வரவில்லை என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தவள் நானேதான் என்பது எட்டு வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?