மற்றப் பனை

போன கிழமை வரை அந்த ஜி.பி.எஸ். பெட்டி பொலித்தீன் பைக்குள் சுற்றியபடி அலுமாரியின் மேல்தட்டில்தான் கிடந்தது. கடலில் வழி பார்க்கவென்று என் கணவர் ஆசையாக வாங்கியது. கடைசியாகத் தொழிலுக்குப் போன அன்றும் கையில் எடுத்தார். முற்றத்தில் நின்ற மாமா, "அந்த விளையாட்டுச் சாமானை வைச்சிட்டு வா" என்றார். தகப்பனின் வாய்க்குப் பயந்து வைத்துவிட்டுப் போனார்.

உப்புவெளியில் எங்கள் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் கற்பார், நீண்ட பாறைத்தொடர், கிடக்கிறது. வள்ளம் நுழைய அதில் ஒரேயொரு இடைவெளிதான். கரையிலிருந்த உயரப் பனையும் கோயில் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் அந்த இடைவெளிக்கு நேரே நிற்கிறோம் என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க மாமா அப்படித்தான் கரை சேர்ந்தார். பிறகு விடுதி கட்டுவதற்காக அந்தப் பனையைத் தறித்துவிட்டார்கள். மாமா அசையவில்லை. பக்கத்தில் நின்ற மற்றப் பனையை அடையாளமாகப் பிடித்துக்கொண்டார். இவர் பெட்டியை வைத்துவிட்டுப் போன அன்று பின்னேரம் வாடைக்காற்றும் மழையுமாகத் திரும்பி வரும்போது, "அப்பா, அந்தப் பனை சரிவராது" என்று இவர் சொன்னாராம். "எனக்குக் கடல் படிப்பிக்கிறியோ?" என்று கேட்டாராம் மாமா. வள்ளத்தில் மூன்றாம் ஆளாகப் போய்த் தப்பி வந்தவர்தான் இதையெல்லாம் சொன்னார். வள்ளம் பாரில் அடித்து உடைந்தது. மாமா நீந்தி வந்தார். இவரை மறுநாள்தான் கடல் கரையில் ஒதுக்கியது.

"காத்து மாறிப்போச்சு" என்பதைத் தவிர மாமா வேறெதுவும் சொன்னதில்லை. வயது போகப் போக மனிசன் அடங்கும், பொறு பிள்ளை என்று சனம் எனக்கு ஆறுதல் சொன்னது. அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! பல் விழுந்தது, கண்ணில் வெள்ளை படர்ந்தது, பிடிவாதம் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கும்தான் வயது போகிறது. அவர் முன்னால் தேத்தண்ணியை வைக்கும்போது முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியதைத் தவிர நான் என்னத்தைக் கண்டேன்?

போன கிழமை மகன் முதன்முதலாகத் தொழிலுக்குப் புறப்பட்டான். பெட்டிக்குப் புதுப் பற்றரி போட்டு, கரைக்கே கொண்டுபோய் அவன் கையில் திணித்தேன். அங்கே பொல்லை ஊன்றியபடி மாமா நின்றார். ஒரு கையை நீட்டி, "வரேக்க அந்த மற்றப் பனையைப் பார். கொஞ்சம் வலப்பக்கம் பிடிச்சாச் சரி" என்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தேன்.

"மாமா, அந்தப் பனை சரிவராது."

"ஓம் பிள்ளை," என்றார். "அண்டைக்கு அவனும் இப்பிடித்தான் சொன்னவன்."

சொல்லிவிட்டும் நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. பெட்டியைப் பிடித்தபடியே மகன் அந்தப் பனையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.