உறைபனியில் ஒரு தப்பறை

புல்லில் படிந்த உறைபனி காலடியில் நறநறவென்று உடையும் சத்தமும், விரல்கள் மரத்துப்போகும் வலியும் சேர்ந்ததுதான் எனக்குத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நீலகிரியில் இத்தலாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தகரக்கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. ஊட்டியிலிருந்து பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து, கோயில் சாவியையும் வைத்திருந்தவர், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் எல்லோரும் "உபதேசியார்" என்று அழைத்த என் அப்பா. வாரநாட்களில் அவர் ஃபேக்டரித் தொழிலாளி.

பிதா, சுதன், அன்றைய வழக்கில் "இஸ்பிரீத்துசாந்து" என்ற பரிசுத்த ஆவி, இந்த மூன்று ஆட்களும் ஒரே கடவுள் என்பதை நாங்கள் மடமடவென்று ஒப்பிப்போமே தவிர, ஒருத்தர் மண்டையிலும் அது ஏறவில்லை. ஒருநாள் அப்பா படியோரத்து உறைபனியைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பாருங்க கண்ணுகளா, கெட்டியா இருந்தா ஒறபனி, உருகுனா தண்ணி, மேல ஏறுனா மூடுபனி. பொருளு ஒண்ணு, கோலம் மூணு. கடவுளும் அப்படித்தான்." அடடா, எவ்வளவு சுலபமாகப் புரிந்தது! பெரியவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கவிருந்ததற்கு முதல்நாள், சனிக்கிழமை, சாமியார் எங்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டார். என் முறை வந்ததும் ஞானோபதேசப் புத்தகத்து விடையை விட்டுவிட்டு, உபதேசியார் மகள் என்ற திமிரோடு உறைபனிக் கதையை எடுத்துவிட்டேன்.

சாமியார் சிரிக்கவில்லை. "உருகித் தண்ணியானப்புறம் உறைபனி எங்கே இருக்கு?" என்றார்.

"இருக்காதுங்க சாமி."

"அப்போ சுதன் சிலுவையிலே தொங்கினப்போ பிதா இல்லையா? யாரைப் பார்த்து 'பிதாவே'ன்னு கூப்பிட்டார்? தனக்குத்தானே வேஷம் கட்டினாரா? இது தப்பறை, வேதத்துக்கு விரோதமான போதனை. ஆதி காலத்திலேயே திருச்சபை தள்ளிவச்ச தப்பறை. யார் சொல்லிக்கொடுத்தது?"

கதவருகே நின்ற அப்பாவை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அவரை மாட்டிவிட்டதாகிவிடும். "நானா நெனச்சேனுங்க சாமி" என்றேன். பாவங்களை அறிக்கையிடும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு அரைமணி நேரம் இருக்கையில், சாமியார் முகத்துக்கு நேரே ஒரு பச்சைப் பொய்.

"புள்ள பொய் சொல்லுதுங்க சாமி. நாந்தானுங்க" என்றது அப்பாவின் குரல்.

நாளைப் பூசையில் எல்லோர் முன்னாலும் அது தப்பென்று மறுத்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இப்போதே சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார் சாமியார். சாவி போனால் மாதத்தில் மூன்று ஞாயிறு கோயில் பூட்டிக் கிடக்கும். சாகக் கிடக்கிற பச்சைக் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கவும் லயத்தில் ஆள் இருக்காது. அப்பா சாவியோடு வீட்டுக்கு நடந்தார். அம்மா, "சொல்லிப்போடுங்க, வாய்ச்சொல்லுதானுங்க" என்று கெஞ்சினாள். "வாய்ச்சொல்லுனா சொல்லிப்போடலாம் புள்ள, எனக்குப் புரிஞ்சதே அந்த ஒண்ணுதான்" என்றார் அப்பா.

மறுநாள் வெள்ளைக் கவுனும் முக்காடுமாக நான் முன்வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்தார். "நான் சொன்னது தப்பறைங்க. மூணு ஆளு, ஒரே கடவுள்." பின்னாலிருந்து ஒரு கிழவர் வெள்ளந்தியாக, "அப்ப அதை எப்படிங்க புரிஞ்சுக்கறது?" என்று கேட்டுவிட்டார். அப்பா தன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். "புரியாதுங்க. நம்போணும்."

சாவி அவரிடமே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் புத்தகத்தை விட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. உறைபனியைக் கையால் தொட்டதுமில்லை. சாமியார் கேட்டது சரியான கேள்வி என்பது பின்னால் படித்துப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் அதிகம்.

அந்தக் கோயில் இப்போது உரமூட்டை போடும் கொட்டகை, லயமும் இடிந்துவிட்டது. போன வருஷம் குன்னூரில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். ஞாயிறு வகுப்பில் ஓர் இளம்பெண் தட்டில் ஐஸ்கட்டி வைத்து, "உருகினா தண்ணி, கொதிச்சா ஆவி, மூணும் ஒண்ணுதான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாக வந்த சாமியார் எட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லா சொல்றீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எல்லாம் புரிந்த பெருமையில் தலையாட்டினாள். அவள் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.