ஏழு பழுப்புத் தாள்கள்

முப்பது வருடமாகப் பெரியப்பாவுக்கு ஒரே வேலை: ஓவியக் கூடத்தில் படம் மாட்டுவது. அங்கே அவர் பெயரே 'ஆணி'தான். சுவரில் யாராவது சாய்ந்தால் போதும், "முதுகுல எலும்பு இல்லையா?" என்று பாய்வார். ஆனால் எந்தத் திறப்பு விழாவுக்கும் நின்றதில்லை. மாட்டி முடித்ததும் கிளம்பிவிடுவார்.

படம் வருமுன்பே அதன் அளவில் பழுப்புத் தாள் வெட்டிச் சுவரில் ஒட்டி, உயரம் பார்த்துக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்கு ஒட்டியவை ஏழு. அவர் மகளின், என் தங்கச்சியின், முதல் கண்காட்சி. முதலாளியம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிய சுவர்.

ஐந்து மணிக்குத் திறப்பு. இரண்டாகியும் படங்கள் வரவில்லை. நான் வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. எப்போது பசிக்க வேண்டுமென்று என் வயிற்றுக்கே இன்னும் தெரியவில்லை. அதற்குள் இது வேறு. பத்தாவது தடவையும் தங்கச்சி போனை எடுக்கவில்லை.

"வண்டி கிடைச்சிருக்காது பெரியப்பா."

"ஏழு படத்துக்கு என்ன, ரயிலா வேணும்? வாடா."

அவள் வரையும் அறை இரண்டு தெரு தள்ளி, ஓர் அச்சகத்தின் மாடியில். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஏழு கித்தான்கள், ஏழும் வெள்ளை. தட்டில் பிதுக்கிய சாயம் ஆடை கட்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அளவெல்லாம் சரியாத்தான்பா குடுத்தேன். படம்தான் வரல."

பெரியப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமாவது ஏதாவது இருக்கும் என்பதுபோல.

"எப்பலேர்ந்து?"

"சுவர் கிடைச்சிருச்சுன்னு நீங்க சொன்ன நாள்லேர்ந்து."

பெரியப்பா படியிறங்கினார். கூடத்துக்கு வரும்வரை அவர் நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது. முதலாளியம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"என் பொண்ணு படம் எதுவும் வரலம்மா. தப்பு என்னுது, அவசரப்பட்டுட்டேன்."

"அப்ப இந்தச் சுவத்துக்கு என்ன பதில் சொல்றது, ஆணி?" முதலாளியம்மா கைக்கடிகாரத்தையே பார்த்தார்.

பெரியப்பா தாள்களை உரித்தார். பசைநாடாவோடு அங்கங்கே சுவரின் வெள்ளைப் பூச்சும் பெயர்ந்து வந்தது. அந்த இடங்களில் வெள்ளை பூசினார், காய ஊதினார், மறுபடி பூசினார்.

ஐந்துக்குக் கூட்டம் வந்தது. மற்ற மூன்று சுவர்களிலும் யார் யாருடைய படங்களோ. பெரியப்பா கிளம்பவில்லை. அந்த வெறும் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார்.

ஆறரைக்கு வாசலில் தங்கச்சி. கையில் ஒன்றுமில்லை. நேராக அவரிடம் போனாள்.

"முதுகுல எலும்பு இல்லையாப்பா?"

பெரியப்பா கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"இந்தப் பக்கம் காஞ்சிருச்சு. சாஞ்சுக்க."