துரை இளைத்த கணக்கு

"நிதானமானவர். எளிதில் பதற்றமடையாதவர். எடை, அளவு சம்பந்தப்பட்ட எதிலும் இவரிடம் பிழை காண இயலாது" என்று அந்த எடையளவு ஆய்வாளரைப் பற்றித் துறை அறிக்கையில் மேலதிகாரி எழுதியிருந்தார். மேலதிகாரி அவரை அலுவலகத்தில் மட்டுமே பார்த்தவர்.

வீட்டில் அவர் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. நாளிதழை நின்றுகொண்டே படிப்பார். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனைவரை போய்த் திரும்பி வருவார். மூன்று மாதமாக அந்த அலைச்சலுக்கு ஒரு காரணமும் கிடைத்திருந்தது. துரை என்ற சாம்பல் நிறப் பூனை. எடை எட்டு கிலோ இருநூறு.

துரைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று அழுகிவிட்டது. பிடுங்கியாக வேண்டும், பிடுங்க மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும்.

"இந்த உடம்புக்கு மயக்கம் கொடுத்தா எழுந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் கால்நடை மருத்துவர். "ஏழு கிலோவுக்குக் கீழ கொண்டு வாங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க, ஈரல் கெட்டுடும். வாரத்துக்கு நூறு கிராம் குறைஞ்சா போதும்."

நாளைக்கு ஐம்பது கிராம் தீனி, இரண்டு வேளையாக. ஆய்வாளரே நிறுத்துப் போட்டார். துரை அதை ஓர் அவமானமாக எடுத்துக்கொண்டது. கிண்ணத்தை நக்கி முடித்த கையோடு, அவர் சாப்பிடும் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, பார்த்தது. வெறுமனே பார்த்தது. இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு உள்ளே இறங்கவில்லை. தட்டை அப்படியே விட்டு எழுந்து, அறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். ஆனாலும் தன் கையால் அதற்கு ஒரு பருக்கை கொடுத்ததில்லை. அந்த விஷயத்தில் கல்நெஞ்சர்.

ஞாயிறு தோறும் துரையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுவார். தனியாக வைத்தால் அது தராசில் நிற்காது, வழிந்து இறங்கிவிடும். வரும் எடையில் தன்னுடைய எழுபத்தொரு கிலோவைக் கழிப்பார். மீதி துரை. அந்த மீதி வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது.

"எனக்கென்னவோ பெருத்த மாதிரிதான் தெரியுது" என்றாள் மனைவி.

"அது முடி. எண் பொய் சொல்லாது."

பன்னிரண்டாவது ஞாயிறு, ஆறு கிலோ தொள்ளாயிரம். மருத்துவரை உடனே தொலைபேசியில் பிடித்தார்.

"பலே! நாளைக்கே கொண்டு வாங்க. எடையை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதை வெச்சுத்தான் மயக்க மருந்து அளவு போடுவேன்."

"உங்க தராசுலயும் ஒருதரம் பாத்துடலாமே டாக்டர்?"

"எங்க தராசா? நாப்பது கிராம் தப்புன்னு போன மாசம் அதுக்கு சீல் வெச்சுட்டுப் போனதே நீங்கதானே சார்!"

மறுநாள் காலை கணவனும் மனைவியும் நடந்தே கிளம்பினார்கள். அவர் கூடையைக் கைக்குக் கை மாற்றினார். பத்தடிக்கு ஒருமுறை கால்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"என்னங்க இது, நடு ரோட்டுல? பெல்ட் போடலையா?"

"போட்டிருக்கேன். மூணாவது ஓட்டை."

"மூணாவதா? முதல் ஓட்டைக்கே மூச்சைப் பிடிப்பீங்களே!"

"ராத்திரி சாப்பாடு இறங்கினாத்தானே."

"இறங்கலையா? தட்டு கழுவி வெச்ச மாதிரி இருந்துச்சு. பசி போலிருக்குன்னு நான் இன்னும் ரெண்டு துண்டு மீன் சேத்துல்ல வெச்சேன்!"

இருவரும் நின்றார்கள். இருவரும் கூடையைப் பார்த்தார்கள். துரை கண்ணை மூடிக்கொண்டது.

எதிரே மளிகைக் கடை. அந்தக் கடைக்காரருக்கு ஒருமுறை அபராதம் போட்டவர் இவர்.

"வாங்க சார். இன்னைக்கு என்ன தப்பு கண்டுபிடிக்கப் போறீங்க?"

"தராசு கொஞ்சம் வேணும்."

கூடையோடு ஒருமுறை, வெறும் கூடையை ஒருமுறை. மீதி ஒன்பது கிலோ நானூறு. ஆய்வாளர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மூட்டைத் தராசில் தானே ஏறிப் பார்த்தார். அறுபத்தெட்டரை.

கடைக்காரர் விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார். அவசரமே படவில்லை.

"அன்னைக்கு நான் பருப்பை டப்பாவோட நிறுத்தப்போ என்ன சொன்னீங்க? டப்பா எடையை ஒவ்வொரு தடவையும் பாக்கணும், என்னைக்கோ பாத்ததைக் கழிக்கக் கூடாதுன்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தீங்களே!"

"ஆமா."

"இதுல நீங்கதான் சார் டப்பா."

மனைவி சிரித்தே விட்டாள். தெருவில் இறங்கியதும் சிரிப்பு நின்றது. "நல்லவேளை. அந்தத் தாளைக் குடுத்திருந்தா துரை கதை இன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்றாள். கொஞ்ச தூரம் போய், "பேசாம துரைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு போன் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? ஊர் முழுக்க நீங்க தராசுக்கு சீல் வெச்ச ஆளுங்கதான் இருக்காங்க, தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றாள்.

அவர் தொலைபேசியை எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். மருந்துக் கடைவரை போய்விட்டு, வீட்டுப் பக்கம் திரும்பினார். நாலடி நடந்து, மீண்டும் திரும்பினார். கூடைக்குள் துரை, வலிக்கும் பக்கத்தை மூங்கிலில் தேய்த்து முனகியது.

மருத்துவமனையில் நாயும் கிளியுமாக நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பழக்கடைக்காரர், ஆய்வாளரைத் தெரிந்தவர். அவர் காதுபடவே ஆய்வாளர் மருத்துவரிடம், பன்னிரண்டு வாரமாகத் தான் நிறுத்தது தப்பு, பூனை இளைக்கவில்லை, பெருத்திருக்கிறது என்று சொன்னார். கையெழுத்திட்ட தாளைக் கிழித்தார். பல்வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு, துரையை வீட்டுக்குத் தூக்கிப் போனார்.