ஹெச் போட்ட எண்பத்தைந்து

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குள் நுழைந்து தேவானந்தம் பட்டறை எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிய மனுஷன். எண்பத்தைந்தாம் வருஷம் இரும்புலியூரில் ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் நொண்டி லேத் ஒன்றை வைத்துத் தொழில் தொடங்கினார். இன்றைக்கு நாலு லேத், ஒரு மில்லிங், மெருகேற்ற ஒரு பஃபிங் மெஷின், பதினோரு ஆள். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “இது நிக்காது தம்பி” என்றால் அது நிற்காது. ஒரு தடவைகூட நின்றதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு ஒற்றை ரூபாய்க் காசு மூன்று வருஷமாக ஆட்டிவைத்தது.

தேவானந்தம் காசு சேர்ப்பவர். தங்கக் காசு, ராஜா காலத்துக் காசு என்று அலைகிறவர் அல்ல. தான் தலையெடுத்த எண்பத்தைந்தாம் வருஷத்து ஒரு ரூபாய் எந்தெந்த நாணய ஆலையில் அடித்தார்களோ, அத்தனையிலும் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த வருஷம் காசு போதாமல் சர்க்கார் சீமையிலும் அடித்து வாங்கியது. அப்படி வந்ததில் ஒரு வகைக்கு வருஷ எண்ணுக்குக் கீழே கடுகத்தனை ஹெச் எழுத்து உண்டு. காசுக்கொரு குழி வெட்டிய தேக்குச் சட்டத்தில் மற்றவையெல்லாம் அமர்ந்துவிட்டன. ஹெச்சின் குழி மட்டும் காலி.

கடைக்குப் போய் வாங்கி மாட்டலாம்தான். அதை யார் வேண்டுமானாலும் செய்வான். கையில் இருப்பதைக் கொடுத்து வேண்டியதைப் பிடித்தால்தான் அது சம்பாத்தியம் என்பது அவர் கணக்கு. அதற்காகவே வாட்ஸ்அப்பில் நாணயம் மாற்றுகிறவர்கள் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே விலை பேசினால் வெளியே தள்ளிவிடுவார்கள். சனிக்கிழமை காலை ஆளாளுக்கு இரண்டு பட்டியல் போட வேண்டும். ஒன்று ‘வேண்டும்’, இன்னொன்று ‘உண்டு’. தேவானந்தத்தின் ‘வேண்டும்’ ஒரே வரி. ‘உண்டு’ நாற்பத்திரண்டு வரி.

அந்த நாற்பத்திரண்டும் கண்ணைப் பறிக்கும். தன் பட்டறையை விட்டுக் கறுப்பாக எதுவும் வெளியே போகக் கூடாது என்பது அவர் சட்டம். கைக்கு வருகிற காசையெல்லாம் பஃபிங் மெஷினில் பச்சை சோப்புத் தடவிய துணியில் காட்டிவிடுவார். ஒரு நொடி போதும், முகம் பார்க்கலாம்.

ஹெச் காசு இரண்டு வைத்திருந்தவர் குரோம்பேட்டை பத்ரிநாராயணன், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. அவருக்கு வேண்டியதோ திருவாங்கூர் வெள்ளிச் சக்கரம் என்ற நகத்தளவுக் காசு. தேவானந்தத்திடம் அது கிடையாது. நாற்பத்திரண்டையும் மொத்தமாகத் தருகிறேன் என்று குரல் பதிவு அனுப்பினார். ஒரே வரியில் பதில் வந்தது: “உங்கள் லிஸ்டில் எனக்கு வேண்டியது எதுவும் இல்லை. இனி வாய்ஸ் அனுப்பாமல் டைப் செய்யவும்.”

எழுத்துக் கூட்டி வாசிக்கிறவருக்கு அது செருப்படி மாதிரி விழுந்தது. அன்றிலிருந்து ஹெச் மேல் இருந்த ஆசையோடு பத்ரிநாராயணன் மேல் ஆத்திரமும் ஒட்டிக்கொண்டது.

பல் பொருந்தாத இரண்டு கியருக்கு நடுவே மூன்றாவது ஒன்றை விட்டால் ஓடும். லேத் வேலைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். குழுவில் இருந்த நூற்றெண்பது பேரின் பட்டியலையும் இரண்டு மாதம் விரல் வைத்து வாசித்தார். சேலையூர் ஜோசலின் டீச்சர் அகப்பட்டார். அவரிடம் வெள்ளிச் சக்கரம் உண்டு. அவருக்கு வேண்டியது அறுபத்தெட்டாம் வருஷத்துத் தாமரை போட்ட இருபது பைசா. தேவானந்தத்திடம் அதில் இரண்டு! ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். நேற்று அடித்தது போல மின்னியது. “சூப்பர் சார்” என்று உடனே பதில் வந்தது. தாமரை டீச்சருக்கு, சக்கரம் பத்ரிநாராயணனுக்கு, ஹெச் தனக்கு. வங்கி அதிகாரிக்குத் தோன்றாதது ஆறாம் வகுப்புக்குத் தோன்றியது.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தேவானந்தம் தாமரைக் காசை வெல்வெட் துணியில் வைத்து நீட்டினார். ஜோசலின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

“சார், இத என்ன பண்ணீங்க?”

“இன்னா பண்ணேனா? பஃப் போட்டேன். மூஞ்சி தெரியுதா பாரும்மா!”

பத்ரிநாராயணன் எட்டி வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“தாமரைக்கு இதழ் எங்க சார்? கத்திரிக்கா மாதிரின்னா இருக்கு! காசா இது, சட்டைப் பட்டன்.”

“ஏன், அழுக்கோட குடுத்தாத்தான் தொடுவீங்களா? உங்க வூட்ல பாத்திரம் தேய்க்கிறதே இல்லையா?”

“பாத்திரம் வேற, காசு வேற. தேய்ச்ச காச எந்தக் காயின் கலெக்டரும் சீந்த மாட்டான். இது அரிச்சுவடி. யாராவது சொல்லிக் குடுத்திருந்தா...”

“பள்ளிக்கூடம் போயிருந்தாத் தெரிஞ்சிருக்கும்ன்றே. நேராச் சொல்லேன்யா, ஏன் மென்னு முழுங்கறே?”

“நான் அப்படிச் சொல்லல. ஆனா தேய்ச்சதப் போட்டோ புடிச்சுப் புதுக் காசு மாதிரி காட்டினீங்க பாருங்க, அதுக்குப் பேர் ஏமாத்து.”

தேவானந்தம் மேசையில் அடித்த அடியில் டபராவும் டம்ளரும் எகிறின. பக்கத்து மேசையில் தோசையைப் பிய்த்த கை நின்றது.

“யாரப் பாத்து இன்னா சொல்றே? நாப்பது வருஷமாத் தொழில் பண்றேன். நான் போட்ட போல்ட் ஒண்ணு, ஒரே ஒண்ணு, சரியில்லன்னு திரும்பி வந்தது கெடையாது. விசாரிச்சுப் பாரு!”

“ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?” என்றார் ஜோசலின், வகுப்பில் அதட்டுகிற குரலில். “சார், லிஸ்ட்ல ரெண்டுன்னு போட்டிருந்தீங்க. இன்னொண்ணு எங்க?”

அது அவர் சட்டைப் பையில், காகிதத்தில் மடித்துக் கிடந்தது. எடுத்துக் காட்டவே கூச்சப்பட்டார்.

“அது வேணாம்மா. கரி மாதிரி கீது. மெஷின்ல துணி கிழிஞ்சுபோச்சு, அதான் போட முடியல.”

“காட்டுங்க சார்.”

பூதக்கண்ணாடிக்குப் பின்னால் டீச்சரின் முகம் மலர்ந்தது. “இதழ் இதழா இருக்கு! இதான் சார் எனக்கு வேணும்.”

தேவானந்தத்துக்கு வயிறு எரிந்தது. கைவேலைக்குக் கத்திரிக்காய்ப் பட்டம். அழுக்குக்கு மரியாதை. போகட்டும், ஹெச் வந்தால் சரி என்று கையை நீட்டினார். பத்ரிநாராயணன் காசு இருந்த சின்ன டப்பாவை உள்ளங்கையால் மூடினார்.

“ஒரு நிமிஷம். இதப் பஃப் போட மாட்டேன்னு டீச்சர் முன்னாடி சொல்லுங்க. குரூப்லயும் எழுதிப் போடுங்க. அப்பதான் தருவேன்.”

ஒரு வார்த்தை. சொன்னால் குழி நிறைந்துவிடும். மூன்று வருஷத்து ஏக்கம் அந்த உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. தேவானந்தம் வாயைத் திறந்தார். வேறு வார்த்தைதான் வந்தது.

“இனிமே எதிர்த்துப் பேச மாட்டேன்னு எழுதிக் குடுறான்னு ஒரு மொதலாளி கேட்டான். அவன் மூஞ்சியில ஸ்பானரக் கடாசிட்டு வந்துதான் தனியா லேத் போட்டேன். உனக்கு எழுதிக் குடுப்பனா? போய்யா!”

கறுத்த தாமரையை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். ஜோசலினும் தன் வெள்ளிச் சக்கரத்தைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

“ஏம்மா, நீ எதுக்கு எடுத்து வைக்கிற?” என்று பதறினார் பத்ரிநாராயணன்.

“எனக்குத் தாமரை வந்தாத்தான் சக்கரம் போகும் சார். அவர் கெளம்பிட்டாரே.”

“ஆறு வருஷமாத் தேடிண்டிருக்கேன்மா!”

“அத அவர்கிட்ட சொல்லுங்க.”

வாசல் வரை போன தேவானந்தத்தின் காதில் இது விழுந்தது. நின்றார். திரும்பவில்லை. ஒரு கியர் நின்றால் எல்லாம் நிற்கும் என்பது படித்தவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது, நன்றாக உறைக்கட்டும்.

“சரி, வாங்க. கண்டிஷன் இல்ல” என்றார் பத்ரிநாராயணன்.

“காதுல விழல.”

“கண்டிஷன் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்!”

“சார் போட்டுச் சொல்லு.”

ஓட்டலே பார்த்துக்கொண்டிருந்தது. பத்ரிநாராயணன் டப்பாவை மேசை நடுவுக்குத் தள்ளினார். “கண்டிஷன் இல்ல... சார்.”

மூன்று காசும் கை மாறின. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. படியிறங்கும்போது பத்ரிநாராயணன் பின்னாலேயே வந்து கெஞ்சுவதும் திட்டுவதுமாகச் சொன்னார்: “மனுஷனா இருந்தா அதத் தேய்க்காதீங்கோ!”

“என் காசு. தேய்ப்பேன், ஓட்ட போட்டு வாஷரா மாட்டுவேன். உனக்கு இன்னா பேஜாரு?”

தேய்க்கத்தான் இருந்தார். திங்கட்கிழமை காலை பஃபிங் மெஷினில் புதுத் துணி மாட்டிச் சோப்புத் தடவி ஓடவிட்டாயிற்று. பொருளை அளக்காமல் மெஷினில் காட்டுவது அவர் வழக்கம் இல்லை. கனம் அளக்கும் மைக்ரோமீட்டரில் ஹெச்சை வைத்தார். பிறகு சட்டத்தில் இருந்த எண்பத்தைந்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். மூன்று தடவை அளந்தார். அவர் பஃப் போட்டவையெல்லாம் மெலிந்திருந்தன. அந்த ஹெச் எழுத்தின் உயரம் அவர் தேய்த்துத் தள்ளிய கனத்துக்குக்கூடக் காணாது. மெஷினில் காட்டினால் எழுத்தே இருக்காது.

பத்ரிநாராயணன் சொன்னால் தேவானந்தம் நம்ப மாட்டார். மைக்ரோமீட்டர் சொன்னால் நம்புவார். அது எவனையும் பார்த்து எத்தனாவது படித்தாய் என்று கேட்டதில்லை. மெஷினை நிறுத்தினார். காசு வந்த கோலத்திலேயே குழிக்குள் போய் உட்கார்ந்தது.

இது தேவானந்தத்துக்கும் அவர் மனைவி யூனிஸுக்கும் மட்டும் தெரியும். வாட்ஸ்அப்பில் பத்ரிநாராயணன் தனியாகத் தினம் கேட்கிறார்: ‘அந்தக் காசை ஒரு போட்டோ போட முடியுமா?’ தேவானந்தம் வாசிக்கிறார். வாசித்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுகிறது. அதற்கு மேல் ஒன்றும் போவதில்லை.

“பாவங்க அந்த மனுஷன். தூக்கம் வராதுங்க அவருக்கு. ஒரு போட்டோ அனுப்பினா என்ன கொறைஞ்சிடும்?” என்றாள் யூனிஸ்.

“அனுப்பலாம், அனுப்பலாம்” என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். “பதினாலு நாள்தானே ஆவுது. இன்னும் கொஞ்சம் வேகட்டும்.”